கட்டுப் போட்ட விளக்கு

மெதுவா மாஸ்டருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய லைசென்ஸில் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற மனுஷன் காலையிலிருந்து சாயங்காலம் வரை ‘மெதுவா, மெதுவா’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? கட்டின மனைவியே கோபம் வந்தால், “உங்க மெதுவா மாஸ்டர் வேலையை எங்கிட்ட காட்டாதீங்க” என்பாள்.

அவருடைய பயிற்சிப் பள்ளி என்பது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கார். மேசை நாற்காலி இல்லாவிட்டாலும் பள்ளி நடக்கும், கார் இல்லாவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். சோறு போடுகிற கார். அதில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து அவருடைய வலது கால் இடது காலைவிடப் பருத்துவிட்டது என்று மனைவி சொல்வாள். அளந்து பார்க்கும் தைரியம் அவருக்கு வந்ததில்லை.

மற்ற மாஸ்டர்கள் முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்வார்கள். இவர் அப்படி இல்லை. வண்டியைக் கிளப்பவே விடமாட்டார். டாஷ்போர்டைக் காட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்.

“இந்த ஆரஞ்சு லைட்டு இருக்கே, இது இன்ஜின் லைட்டு. சும்மா எரிஞ்சுட்டே இருந்துச்சுன்னா, ‘எனக்கு உடம்பு சரியில்ல, சீக்கிரமா மெக்கானிக்கிட்ட கூட்டிட்டுப் போ’ன்னு கேக்குதுன்னு அர்த்தம். பதற வேணாம், மெதுவா கூட்டிட்டுப் போகலாம். ஆனா மினுக்கு மினுக்குன்னு மினுக்கிச்சுன்னா, ‘இப்பவே நிறுத்துய்யா’ன்னு கத்துதுன்னு அர்த்தம். இன்ஜின்ல பெட்ரோல் ஒழுங்கா எரியாம அப்படியே புகைக்குழாய்க்குள்ள போகுது. அங்க புகையைச் சுத்தம் பண்ற வடிகட்டி ஒண்ணு இருக்கு. அது தீயாச் சுட்டு வீணாப் போயிடும். வேகத்தைக் குறை, ஓரம் கட்டு, இன்ஜினை அணை. வீடு பக்கத்துலதானே, போயிடலாம்னு நெனைக்கிறவன் கார் ஓட்டவே வேணாம், சைக்கிள் வாங்கிக்கட்டும்.”

இந்தப் பாடத்தை அவர் ஊரில் பாதிப் பேருக்கு எடுத்திருக்கிறார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவரிடம் ஓட்டப் பழகினவர்களில் ஒரே ஒருவருக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய மாமியாருக்கு.

அத்தையை ஊரே ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடும். முப்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸ். டாக்டர்களே அவரைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்களாம். மாமனார் காலமான பிறகு, “கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்” என்று ஒரு சின்னப் பெட்டியோடு மகள் வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நாள் என்பதற்கு ஆஸ்பத்திரிக் கணக்கு வேறு போலிருக்கிறது. வருஷம் இரண்டு ஓடிவிட்டது.

வந்த அன்று சாயங்காலமே ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலி அத்தையின் பெயருக்கு மாறிவிட்டது. அது மாஸ்டரின் நாற்காலி. நாளெல்லாம் பிரேக்கை மிதித்த காலை நீட்டிப் போட என்றே பார்த்துப் பார்த்து வாங்கியது. அத்தை அதில் உட்கார்ந்து, “முதுகுக்கு நல்லா இருக்கு மாப்ளை” என்றார். அதோடு சரி. அன்றிலிருந்து மாஸ்டர் சாப்பாட்டு மேசையின் முக்காலியில் குந்தியபடி ஏக்கத்தோடு அந்த நாற்காலியைப் பார்ப்பார்.

நாற்காலி மட்டுமா? வீடே வார்டாகிவிட்டது. படுக்கை விரிப்பின் மூலைகளை அத்தை மடித்துச் செருகினால் உள்ளே நுழைந்த கால் வெளியே வராது, மாஸ்டர் கடிதத்தை உறையில் போட்ட மாதிரி விறைப்பாகப் படுத்துக் கிடப்பார். டீயில் சர்க்கரை போச்சு. சீட்டாட வரும் நண்பர்களுக்குப் பார்வையாளர் நேரம் வந்தது. நேரம் முடிந்ததும் அத்தை வாசலில் வந்து நின்று, “அவரு ஓய்வெடுக்கணும்” என்பார். அவர்களும் ஏதோ சாகக் கிடக்கிறவனை விட்டுப் போவது போல மாஸ்டரின் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே காலைக் கொடுமை ஒன்று உண்டு. அவர் கண் விழிப்பதற்கு முன்பே சில்லென்று ஒரு கை மணிக்கட்டைப் பிடிக்கும். நாடி பார்க்கும். “இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விடும். தான் உயிரோடு இருக்கும் செய்தியைத் தினமும் மாமியார் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிற மருமகன் உலகத்தில் வேறு யாராவது இருப்பானா, சொல்லுங்கள்.

ஒரு நாள் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பேச்சை எடுத்தார். “உங்க வீடு பூட்டியே கிடக்கே அத்தை. கரையான் புகுந்துடப் போகுது.”

“போயிடலாம் மாப்ளை. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் வர்றதே அபூர்வம். உங்க மாமா இருந்தவரைக்கும் எங்க போகணும்னாலும் அவரு கார் எடுப்பாரு. இப்ப அந்தக் கார் ஷெட்ல துணியைப் போர்த்திட்டு நிக்குது. எனக்கு ஓட்டத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே போயிருப்பேன். யாருக்கும் பாரமா இருக்க எனக்குப் பிடிக்காது.”

மாஸ்டருக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஓட்டத் தெரியாதாம். அதை யார் யாரிடம் வந்து சொல்வது? “இவ்வளவுதானா? நாளைக்கே ஆரம்பிச்சுடலாம் அத்தை. லைசென்ஸ் வாங்கிக் குடுக்கிறது என் பொறுப்பு.”

அத்தையின் முகம் ஒரு நொடி என்னவோ போலானது. இந்த வயதில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பயம் என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார்.

பயமாவது ஒன்றாவது. அத்தை ஓட்டியதைப் பார்த்து மாஸ்டரே அசந்துபோனார். முப்பது வருஷம் நெரிசலான வராந்தாவில் நோயாளியோடு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப் பழகிய கை அது. இரண்டு லாரிக்கு நடுவே இருந்த சந்தில் ரிவர்ஸில் போய், ஒரு தடவை கூடத் திருத்தாமல், நூல் பிடித்த மாதிரி நிறுத்தினார். மாஸ்டரின் வலது காலுக்கு வேலையே இல்லை. ‘மெதுவா’ என்ற வார்த்தைக்கும் வேலை இல்லை. இந்த மாதமே பெட்டி கட்டிவிடலாம் என்று அவர் மனத்துக்குள் நாற்காலியில் காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

வந்தது டெஸ்ட். டெஸ்ட் எடுக்கும் அதிகாரி யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். எல்லாவற்றுக்கும் ‘ம்’தான். சின்ன ‘ம்’ என்றால் சரி, நீட்டிய ‘ம்ம்ம்’ என்றால் அடுத்த முறை வா. அதனால் அவர் பெயரே ‘ம்’ ஆபீசர். அவருடைய குரல் எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் யாரும் இல்லை. அவர் முன்னால் மாஸ்டரின் இடத்தில் உட்கார்வார். மாஸ்டர் பின்சீட்டில் வரலாம், வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மாணவர் ஃபெயில்.

முதல் டெஸ்டில், கடைத்தெருவின் நடுவே, பெல்ட் விளக்கு எரிந்தது. ஆபீசர் பெல்ட்டைச் சரியாக மாட்டவில்லை, அவ்வளவுதான். அத்தை பிரேக்கில் ஏறி நின்றார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரனைப் பிடித்துக்கொண்டு அலறின. “லைட்டு எரிஞ்சுது, அதான் நின்னேன்” என்றார் அத்தை. “ம்ம்ம்” என்றார் ஆபீசர்.

இரண்டாவது டெஸ்டில் பெட்ரோல் விளக்கு. இன்னும் எவ்வளவோ தூரம் ஓடும் பெட்ரோல் இருந்தது. அத்தை ரயில்வே கேட்டுக்கு முன்னால் நடுரோட்டில் நின்றார். “ம்ம்ம்.”

மூன்றாவதில் எரிந்தது, கண்ணாடி கழுவும் தண்ணீர் குறைகிறது என்று சொல்லும் விளக்கு. அது எரிகிறதே என்று உலகத்தில் யாரும் நின்றதில்லை. அத்தை நின்றார், அதுவும் ரவுண்டானாவுக்குள். ஆபீசர் ‘ம்’ கூடச் சொல்லாமல் இறங்கி நடந்தே ஆபீஸுக்குப் போய்விட்டார்.

“நான் என்ன பண்ணட்டும் மாப்ளை? முப்பது வருஷம் லைட்டு எரிஞ்சா ஓடிப் பழகின காலு. தன்னால பிரேக்குக்குப் போயிடுது” என்றார் அத்தை. அன்று சாயங்காலம் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே விரிப்பின் மூலைகளை மடித்தார். ஃபெயிலான மூன்று நாளும் அந்தப் பாட்டு கேட்டது. துக்கத்தை மறைக்கப் பாடுகிறார், பாவம் என்று மாஸ்டர் நினைத்தார்.

மனைவி வேறு கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். “ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் குடுக்கிறீங்க. எங்கம்மாவுக்கு மட்டும் முடியல. என்ன மாஸ்டரோ.”

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தார் மாஸ்டர். மூன்றாம் நாள் ஞானம் பிறந்தது. விளக்கு எரிந்தால்தானே அத்தை நிற்பார்? எரிவது தெரியாவிட்டால்? மெதுவாக அத்தையிடம் போய், “காயத்துக்கு ஒட்டுவீங்களே, அந்தப் பிளாஸ்திரி இருக்கா அத்தை?” என்று கேட்டார்.

எதற்கு என்று தெரிந்ததும், “எல்லா லைட்டுக்குமா மாப்ளை?” என்று கேட்டார் அத்தை. பிறகு பெட்டியைத் திறந்து வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளை எடுத்தார். மாஸ்டருக்கு ஒட்டத் தெரியாது என்று கத்தரியோடு அவரே காரில் உட்கார்ந்தார். வேகம் காட்டும் முள்ளை மட்டும் விட்டுவிட்டு ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு துண்டு வெட்டி, ஓரம் நீவி, கச்சிதமாக ஒட்டினார். வேலை முடிந்தபோது டாஷ்போர்டு விபத்தில் சிக்கிப் பிழைத்த ஆள் மாதிரி இருந்தது.

“இனிமே எந்த லைட்டும் உங்களைத் தொந்தரவு பண்ணாது. அதெல்லாம் சும்மா அலங்காரத்துக்கு வெச்சிருக்கான் அத்தை. கண்டுக்காதீங்க” என்றார் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு விளக்குப் பாடம் எடுத்த அதே வாய்.

அந்த வாரம் கார் லேசாக உதறியது. சிக்னலில் நிற்கும்போது விக்கல் வந்தவன் மாதிரி குலுங்கியது. பெட்ரோல் சரியில்லை போல என்று மாஸ்டர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இன்ஜினில் கோளாறு என்றால் ஆரஞ்சு விளக்கு எரியுமே, எரியவில்லையே என்பது அவருடைய கணக்கு. விளக்குத்தான் பிளாஸ்திரிக்கு அடியில் கிடக்கிறது என்பது அந்த மேதைக்கு உறைக்கவே இல்லை. அத்தைக்காகக் கட்டின கட்டு அவர் கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

நான்காவது டெஸ்டன்று வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. ஆபீசர் முன்சீட்டில் ஏறினார். டாஷ்போர்டைப் பார்த்தார். திரும்பி மாஸ்டரைப் பார்த்து, “ம்?” என்றார்.

“வெயில் பட்டு கண்ணு கூசுதுன்னு ஒட்டினோம் சார்” என்றார் மாஸ்டர்.

ஆபீசர் ஜன்னல் வழியாகக் கறுத்துக் கிடந்த வானத்தை நிதானமாகப் பார்த்தார். “ம்” என்றார். என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. டெஸ்ட் தொடங்கிவிட்டது, இனி வாயைத் திறக்கவும் முடியாது.

அத்தை அருமையாக ஓட்டினார். கடைத்தெருவைத் தாண்டினார், ரயில்வே கேட்டைத் தாண்டினார், ரவுண்டானாவை வழுக்கிக்கொண்டு சுற்றினார். மாஸ்டர் பின்சீட்டிலிருந்து கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு நன்றாக ஓட்டுகிற மனுஷி ஏன் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறார்? கண் அடிக்கடி பிளாஸ்திரித் துண்டுகளைத் தடவிப் பார்த்தது. பழக்க தோஷம் என்று நினைத்தார் மாஸ்டர். பரவாயில்லை, இன்னும் ஒரு மேடு, ஒரு திருப்பம், அப்புறம் ஆபீஸ். நாற்காலி கண்ணுக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது.

மேட்டில் ஏறும்போது கார் உதறியது. லேசாக இல்லை, பல்லெல்லாம் தந்தியடிக்கிற மாதிரி. மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

நடுப் பிளாஸ்திரிக்கு அடியில் ஆரஞ்சு வெளிச்சம் விட்டு விட்டுத் துடித்தது. மந்தாரமான வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. மினுக்கு. மினுக்கு. மினுக்கு.

அத்தையும் பார்த்துவிட்டார். தொங்கிக் கிடந்த முகம் சட்டென்று மலர்ந்தது. கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழுந்தது.

நியாயமாகப் பார்த்தால் மாஸ்டர் என்ன செய்திருக்க வேண்டும்? பாடத்தில் சொன்னதைத்தான். ஓரம் கட்டு, இன்ஜினை அணை. ஆனால் நின்றால் நான்காவது ஃபெயில், நான்காவது பாட்டு, இன்னும் எத்தனையோ மாதம் முக்காலி, சில்லென்ற கை, ‘இருக்கு’. ஓட்டினால் வண்டி வீணாகிவிடும். ஒரு பக்கம் சோறு போடுகிற கார், இன்னொரு பக்கம் சாய்வு நாற்காலி. அந்த மேட்டில், அந்த உதறலில், மெதுவா மாஸ்டர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு முடிவை வேகமாக எடுத்தார். வண்டி போனால் போகட்டும்.

வாயைத் திறக்கக் கூடாதே. அதனால் இருமினார். போங்க, போங்க என்கிற மாதிரி, முன்பக்கமாகத் தள்ளி இருமினார்.

அத்தை கண்ணாடியில் அவரைப் பார்த்தார். “அது நெஞ்சுலேந்து வர்ற இருமல் இல்ல மாப்ளை. தொண்டையில தயார் பண்றது.”

மாஸ்டர் இன்னும் பலமாக இருமினார். கை தன்னையறியாமல் ‘போங்க’ என்று காற்றைத் தள்ளியது. வலது கால், அங்கே இல்லாத ஆக்சிலரேட்டரைத் தேடித் தரை விரிப்பை மிதித்தது. ஆபீசர் திரும்பிப் பார்த்து, “ம்?” என்றார். மாஸ்டர் கர்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டார்.

அத்தை இண்டிகேட்டரைப் போட்டார். மற்ற மூன்று தடவையும் நின்ற மாதிரி நிற்கவில்லை. கண்ணாடி பார்த்தார், வேகத்தைக் குறைத்தார், மேட்டைத் தாண்டி அகலமான ஓரமாகப் பார்த்து வழுக்கினாற்போல் நிறுத்தினார். கைபிரேக்கை இழுத்தார். நடுப் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில், நர்ஸுகளுக்கு மட்டும் தெரிந்த அந்த இழுப்பில், பிய்த்தார். நிர்வாணமாக மினுக்கிய விளக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

“வார்டுல மானிட்டர் மினுக்கும் மாப்ளை” என்றார் திரும்பாமலே. “அப்ப எல்லாம் யாராவது ஒருத்தர் வந்து, ‘ஒண்ணும் இல்ல சிஸ்டர், பெருசு பண்ணாதீங்க’ன்னு சொல்லுவாரு. யாருடா இவருன்னு பாத்தா, அந்தப் படுக்கை எப்போ காலியாகும்னு வெளியில காத்துட்டு இருக்கிறவரா இருப்பாரு.”

மாஸ்டருக்குக் காது மடல் வரை சுட்டது. வாயில் இருந்த கர்சீப்பை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. இவ்வளவு நாள் வீட்டில் தன் மனம் இவ்வளவு சத்தமாகவா மினுக்கிக்கொண்டிருந்தது?

அத்தை ஆபீசரைப் பார்த்து உற்சாகமாகச் சொன்னார். “தப்புன்னா தப்புன்னே போட்டுக்கோங்க சார். நான் நின்னுட்டேன். லைட்டைப் பாத்துட்டு என்னால ஓட்ட முடியாது. நாலாவது தடவையும் ஃபெயில்தான், என்ன பண்றது.” ஃபெயிலானவர் பேசுகிற குரலா அது? கல்யாண வீட்டுக் குரல்.

ஆபீசர் பேனாவை எடுத்தார். வைத்தார். அப்புறம் வாயைத் திறந்தார்.

“இது வேற லைட்டு மேடம்” என்றார்.

மாஸ்டரும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து, அவ்வளவு பெரிய மீசைக்கு அடியிலிருந்து, தொட்டில் பிள்ளையின் ரப்பர் பொம்மையை அமுக்கின மாதிரி கீச்சென்று ஒரு குரல். இத்தனை வருஷம் அந்த மனுஷன் ஏன் ‘ம்’மோடு காலத்தை ஓட்டினார் என்பது அந்த நொடியில் விளங்கிவிட்டது. அத்தை முப்பது வருஷம் எதையும் பார்த்துச் சிரிக்காமல் பழகியவர். மாஸ்டருக்குக் கர்சீப் கைகொடுத்தது.

“மத்த லைட்டுக்கெல்லாம் நடுரோட்டுல நின்னீங்க, அதுக்கு ஃபெயில் போட்டேன். இது மினுக்கினா நிக்கத்தான் வேணும். அதுவும் நீங்க எவ்வளவு ஒழுங்கா ஓரம் கட்டினீங்க” என்று கீச்சிட்டார் ஆபீசர். “போன மாசம் என் கார்லயும் இதேதான் மினுக்கிச்சு. வீடு பக்கத்துலதானேன்னு ஓட்டினேன். இன்னும் மெக்கானிக்கிட்டயே கிடக்கு. தினமும் பஸ்லதான் வர்றேன்.” குரல் தழுதழுத்தது. அட்டையில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். “நீங்க பாஸ்.”

மாஸ்டருக்கு ஒரு கணம் தலைகால் புரியவில்லை. வண்டியும் பிழைத்தது, லைசென்ஸும் வந்தது. நாற்காலி வந்துவிட்டது. அந்தக் குஷியோடு கண்ணாடியில் அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

மூன்று தடவை ஃபெயிலானபோதும் அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை. ரத்தம் சுண்டிப் போயிருந்தது. கையில் பாதி சுருண்ட பிளாஸ்திரித் துண்டை அத்தை நீவி நீவிச் சரிசெய்துகொண்டிருந்தார். திரும்ப ஒட்டிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

“பாஸா?” என்றார் மெல்ல. “நல்லாப் பாத்தீங்களா சார்? இண்டிகேட்டர் கொஞ்சம் லேட்டாப் போட்டேனே.”

“ம்” என்றார் ஆபீசர். பேச்சு முடிந்துவிட்டது.

பாலத்தில் வண்டிகள் ஏறுகிற மாதிரி, மாஸ்டரின் மூளையில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது. இரண்டு லாரிக்கு நடுவே ரிவர்ஸில் நிறுத்திய கை. பழகும்போது ஒரு விளக்குக்கும் நிற்காமல் டெஸ்டன்று மட்டும் பிரேக்குக்குப் போன கால். ஃபெயிலான மூன்று சாயங்காலமும் கேட்ட பாட்டு. துக்கத்தை மறைக்கப் பாடினாராம். என்ன மாஸ்டரோ, என்று மனைவி கேட்டதில் தப்பே இல்லை.

மூன்று பேரும் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். மாஸ்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். “மினுக்கினதும் நிறுத்திட்டீங்கல்ல? அப்ப ஒண்ணும் ஆகியிருக்காது மாஸ்டர். இக்னிஷன் காயில் ஒண்ணு போயிருக்கும், மாத்திடலாம். யாரு ஓட்டினது, நீங்களா?” என்றான் அவன். “நீ முதல்ல வா” என்று மாஸ்டர் போனை வைத்தார்.

அத்தை புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். வார்டில் கஷ்டமான வேலைக்கு முன்னால் அப்படிச் செய்திருப்பார் போல. “அப்போ நாளைக்கே கிளம்பிடறேன் மாப்ளை. சொன்ன வாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல. பெட்டி சின்னதுதான், கட்ட நேரம் ஆகாது.” பிளாஸ்திரித் துண்டை இன்னொரு தடவை நீவினார். “முப்பது வருஷம், ராத்திரி பூரா யாராவது ‘சிஸ்டர், சிஸ்டர்’னு கூப்பிட்டுட்டே இருந்த காது. அந்த வீட்ல ஒரு சத்தமும் கேக்காது. அதுவும் பழகிடும். பழகாம எங்க போகுது.”

இந்தத் தடவை மாஸ்டருக்கு நிஜமாகவே இருமல் வந்தது. எவ்வளவு அற்பமான மனுஷன் நான், ஒரு நாற்காலிக்காக ஒரு காரையும் ஒரு மாமியாரையும் தொலைக்கப் பார்த்தேனே என்று தன்மேலேயே கோபம் வந்தது. ஆனால் ‘போகாதீங்க’ என்று சொன்னால் அத்தை இருக்கமாட்டார். பாரமாக இருக்கப் பிடிக்காத ஆள். அதற்கு வேறு வழி வேண்டும்.

“நாளைக்கா? அது எப்படி அத்தை முடியும்?” என்றார் மாஸ்டர், பாடம் எடுக்கும் குரலில். “ரூல் தெரியாதா உங்களுக்கு? புதுசா லைசென்ஸ் வாங்கினவங்க தனியா இருக்கக் கூடாது. கூடவே பழைய லைசென்ஸ் வெச்சிருக்கிற ஆளு ஒருத்தர் இருக்கணும்.”

“ஓட்டும்போதா?”

“வீட்லயும்தான்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“அது... லைசென்ஸ் பழசாகிற வரைக்கும்.”

அத்தை மருமகனை மேலும் கீழும் பார்த்தார். பொய் சொல்லும் நோயாளிகளை எத்தனையோ பேரைப் பார்த்த கண். பிறகு மெதுவாக ஆபீசர் பக்கம் திரும்பினார். “அப்படி ஒரு ரூல் இருக்கா சார்?”

ஆபீசர் அத்தையைப் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்து நிற்கும் மாஸ்டரைப் பார்த்தார். மேலே, ஒரு சொட்டு வெயில் இல்லாத வானத்தைப் பார்த்தார்.

“ம்” என்றார். சின்ன ‘ம்’.

அத்தை கையிலிருந்த பிளாஸ்திரித் துண்டைக் கசக்கித் தூரப் போட்டார். மெக்கானிக் வரும்வரை அந்தப் பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போனதும் தானே சாய்வு நாற்காலியை நகர்த்தி மாஸ்டர் பக்கம் போட்டு, “காலை நீட்டி உக்காருங்க மாப்ளை” என்றார். மாஸ்டர் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம்கூட இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து, “முதுகு வலிக்குது அத்தை, இது உங்களுக்குத்தான் சரி” என்று முக்காலிக்கே போய்விட்டார்.

மறுநாள் காலை, கண் விழிப்பதற்கு முன், சில்லென்று ஒரு கை மணிக்கட்டைப் பிடித்தது.

“இருக்கு” என்றது குரல்.

மாஸ்டர் கண்ணைத் திறக்காமலே, “ம்” என்றார்.